சர்க்கரைக்கொல்லி: ஒரு பெயரின் வரலாறு

சேலம் மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியில், தெற்கே பச்சைமலையும் மேற்கே கொல்லிமலையும் அரணாக நிற்க, அவற்றின் இடையே விரிந்த சமவெளியில் அமைந்த ஊர் கெங்கவல்லி. வல்வில் ஓரி ஆண்டதும் சங்கப் புலவர் பாடியதுமான கொல்லிமலையில் தோன்றும் சுவேத நதி, தம்மம்பட்டியையும் கெங்கவல்லியையும் கடந்து, வசிட்ட நதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயர் பெறுகிறது. கொல்லி என்னும் சொல்லைக் கேட்டவுடன் இப்பகுதி மக்களின் நினைவுக்கு வருவன அம்மலையும், சிரித்தே கொல்வதாகச் சொல்லப்படும் கொல்லிப்பாவையுமே ஆகும். ஆயின் அச்சொல்லையே தன் பெயரின் பாதியாகக் கொண்ட கொடி ஒன்றும் உண்டு. மலைச்சரிவிலும் புதர்க்காட்டிலும் பற்றிப் படரும் அக்கொடியை மருத்துவ நூலோர் சிறுகுறிஞ்சான் என்பர். மக்கள் வழக்கில் அது சர்க்கரைக்கொல்லி.

பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்னும் சொற்கள் இந்நூற்றாண்டுகளில் எழுந்தவை. சர்க்கரைக்கொல்லியோ பாட்டன், பூட்டன் காலத்துச் சொல். உயிரற்ற சர்க்கரையை ஓர் இலை கொல்வதாகச் சொன்னவர் எதைக் கண்டு அவ்வாறு சொன்னார்? அப்பெயர் எந்த அளவுக்கு உண்மை? இவ்வினாக்களுக்கு விடை தேடிய முயற்சி ஏறத்தாழ ஒன்றே முக்கால் நூற்றாண்டு வரலாறு உடையது. அவ்வரலாற்றின் முக்கியமான கட்டங்கள் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தன என்பது தமிழன்பர் பலரும் அறியாத செய்தியாகும்.

நாவே முதற் சோதனைச்சாலை

இக்கொடியின் இலை ஒன்றிரண்டை மென்று, அதன் சாறு நாவெங்கும் படிந்தபின் ஒரு சிட்டிகைச் சர்க்கரையை வாயிலிட்டால், அது மணலை மென்றாற்போல் சுவையற்றிருக்கும். வெல்லமும் தேனும் அவ்வாறே தம் இனிப்பை இழக்கும். உப்பும் புளிப்பும் பெரிதும் மாறுவதில்லை. அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நாவு பழைய நிலையை அடைந்துவிடும். இதனை உணரக் கருவியோ கல்வியோ தேவையில்லை. ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் அறிந்திருக்கக்கூடிய பட்டறிவு இது. பெயரிட்டவர் கண்டதும் இதுவே. வடமொழியில் மதுநாசினி என்றும், இந்தியில் வெல்லத்தை மாய்ப்பது என்னும் பொருள்பட குர்மார் என்றும் இக்கொடி வழங்கப்படுகிறது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மொழிகள் ஒரே பொருளில் பெயரிட்டிருப்பது, நாவுகள் யாவும் ஒரே சான்றைக் கூறியதன் விளைவு எனலாம்.

நோயின் பெயரும் நாவிலிருந்தே பிறந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சித்த மருத்துவம் மேகநோயை இருபது வகையாக எண்ணும். அவற்றுள் ஒன்றான மதுமேகத்தின் பெயரே இனிப்பைச் சுட்டுகிறது. நோயாளியின் சிறுநீரை எறும்பு நாடுவதைப் பழைய ஆயுர்வேத நூல்கள் குறித்தன. ஐரோப்பாவில் 1674ஆம் ஆண்டு தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோயாளரின் சிறுநீர் தேன்போல் இனிப்பதை எழுதினார். 1776இல் மேத்யூ டாப்சன் அச்சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சிய பொருள் சர்க்கரை எனக் காட்டினார். இரத்தத்தின் நிணநீரும் இனிப்பதை அவர் கண்டார். ஆக, இனிப்பு மிகும் நோயையும் இனிப்பை மாய்க்கும் இலையையும் மனிதர் முதலில் அறிந்தது ஒரே உறுப்பால்தான். இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக இணைத்துப் பார்த்த பழைய மருத்துவரின் எண்ணம் ஓர் ஒப்புமையின் மேல் எழுந்தது. நாவில் சர்க்கரையைக் கொல்வது உடலிலும் கொல்லும் என்பதே அவ்வொப்புமை. ஒப்புமை சரியா என்பதை நாவால் அறிய இயலாது.

உதகையிலிருந்து தரமணி வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எட்ஜ்வொர்த் என்பவர், இவ்விலையை மென்றபின் தேநீரில் கலந்த சர்க்கரையின் சுவையை உணர இயலவில்லை என்பதை ஆங்கில அறிவுலகுக்குத் தெரிவித்தார். அதனை ஆய்வுக்கு உட்படுத்தியவர் டேவிட் ஹூப்பர். உதகமண்டலத்தில் கொயினா மரப்பட்டையை ஆராயும் அரசு வேதியியலறிஞராகப் பணியாற்றிய அவர், 1887ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் இவ்விலை பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். இலையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, இனிப்பை மறைப்பது அதுவே எனக் கண்டு, அதற்கு ஜிம்னீமிக் அமிலம் எனப் பெயரிட்டார். மக்கள் பெயரில் அடங்கியிருந்த செய்திக்கு முதன்முறையாக ஒரு வேதிப்பொருள் சான்றாக நின்றது. ஹூப்பர் ஒரே பொருள் எனக் கருதியது உண்மையில் நெருங்கிய உறவுடைய பல பொருள்களின் தொகுதி என்பதும், அவை சோப்புக்காயில் நுரை தரும் பொருள்போன்ற சப்போனின் வகையைச் சார்ந்தவை என்பதும் பின்னரே தெளிவாயின. நோபல் பரிசு பெற்ற ரைக்‌ஷ்டைன் குழுவினர் 1967இல் சுவிட்சர்லாந்தில் வெளியிட்ட ஆய்வு அத்தெளிவுக்குப் பெரிதும் உதவியது.

நாவின் செய்தி இவ்வாறு உறுதிப்பட்டது. இரத்தத்தின் செய்தியோ நெடுநாள் காத்திருந்தது. 1921இல் தொரான்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டு, 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதுவரை, இளவயதில் இந்நோய் கண்ட பிள்ளைகளைப் பெற்றோர் சில மாதங்களில் இழந்துவந்தனர். இன்சுலின் வந்தபின்னரே, ஒரு மூலிகை உடலில் என்ன செய்கிறது என்பதை எதனோடு ஒப்பிடுவது என்னும் தெளிவும் பிறந்தது. 1930இல் மகஸ்கர், கெய்யஸ் ஆகிய இருவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி வெளியீடு ஒன்றில், இவ்விலை சோதனை விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைத் தெரிவித்தனர். கணையம் தூண்டப்படுவதால் அது நிகழ்வதாக அவர்கள் கருதினர்.

அடுத்த பெரிய அடி சென்னையில் வைக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்த பேராசிரியர் இ.ஆர்.பி. சண்முகசுந்தரம், ராதா சண்முகசுந்தரம் ஆகியோரும் அவர்தம் ஆய்வுக் குழுவினரும், இலையின் நீரில் கரையும் சாற்றுப்பகுதியைப் பிரித்து, ஜி.எஸ்.4 எனக் குறியிட்டு ஆராய்ந்தனர். 1990ஆம் ஆண்டு அவர்களுடைய மூன்று கட்டுரைகள் ஒரே பன்னாட்டு இதழில் வெளிவந்தன. முதுமைநோக்கி வரும் இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 22 பேர், வழக்கமான மாத்திரையோடு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் சாற்றுப்பொருளை 18 முதல் 20 மாதங்கள் வரை உட்கொண்டனர். அவர்களுடைய இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவர் மாத்திரையை நிறுத்தி, இச்சாற்றினாலேயே கட்டுப்பாட்டில் இருந்தனர். இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நோயாளர் 27 பேருக்கு, அதே அளவு சாறு இன்சுலினோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது இன்சுலின் தேவை குறைந்தது. மூன்றாவது கட்டுரை எலிகளைப் பற்றியது. நச்சு மருந்தால் கணையம் சிதைக்கப்பட்ட எலிகளுக்கு இச்சாறு தரப்பட்டபோது, இன்சுலின் சுரக்கும் அணுத்திட்டுகள் மீண்டும் பெருகியமைக்கான அறிகுறிகள் தென்பட்டன.

கூடும் என்னும் சொல்

மூன்றாம் கட்டுரையின் தலைப்பில், புதுப்பிறப்பு என்னும் சொல்லுக்கு முன் ‘நிகழ்ந்திருக்கக்கூடிய’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் ஒன்றை ஆசிரியர்கள் வைத்தனர். சிறிய சொல்தான், ஆயின் அதில் ஆய்வாளரின் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சான்று எவ்வளவு தொலைவு செல்கிறதோ அவ்வளவே சொல்லும் செல்ல வேண்டும் என்பதே அவ்வறம்.

அதன்பின் நிகழ்ந்ததே கவலைக்குரியது. ஆய்வுக் கட்டுரையிலிருந்து விளம்பரத் தாளுக்கும், விளம்பரத்திலிருந்து திண்ணைப் பேச்சுக்கும் செய்தி இறங்கி வந்தபோது அந்தச் சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ‘கணையம் புதுப்பிக்கப்படக்கூடும்’ என்பது ‘கணையத்தைப் புதுப்பிக்கும்’ என்றாயிற்று. எலி மறைந்து அதன் இடத்தில் மனிதர் வந்தனர். 22 பேரில் ஐவர் மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையை நிறுத்தினர் என்பது, எல்லோரும் நிறுத்தலாம் என்னும் பொருளில் பரவியது. அவ்வாய்வுகளில் பங்கேற்றோர் தொகை சிறிது. குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறுபிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் தந்து, யாருக்கு எது என்று அறியாவண்ணம் ஒப்பிடும் முறையும் அவற்றில் பின்பற்றப்படவில்லை. இவ்வரம்புகள் அவ்வாய்வின் மதிப்பைக் குறைப்பன அல்ல. முதலடி வைத்தவர்கள் முழுவழியும் கடந்துவிட்டதாகப் பிறர் சொன்னதே பிழை.

தமிழ் அணியிலக்கணம் பயின்றோருக்கு இதனை விளக்குவது எளிது. மலர்போன்ற முகம் என்பதில் ‘போன்ற’ என்னும் உவம உருபு இரண்டையும் இணைக்கிறது. அதே வேளையில் இரண்டும் வேறு என்பதையும் நினைவூட்டுகிறது. முகமலர் என்னும்போது உருபு நீங்கி உருவகமாகிறது, வேறுபாடு மறைகிறது. கவிதைக்கு அது ஆக்கம். ஆய்வாளர் எழுதிய ‘கூடும்’ என்னும் சொல் உவம உருபு போன்றதே. எலியின் உடலையும் மனித உடலையும், நாவையும் இரத்தத்தையும் அது இணைத்துப் பிரித்து நிறுத்துகிறது. மருத்துவத்தில் அவ்வுருபை நீக்குவோர் உயிரோடு விளையாடுகின்றனர்.

இதற்குச் சான்று அவ்விலையிலேயே உண்டு. மனித நாவின் இனிப்பை மறைக்கும் ஜிம்னீமிக் அமிலம் எலியின் நாவில் செல்லுபடியாவதில்லை. எலியின் நாவில் இனிப்பைத் தடுப்பது அதே இலையிலுள்ள வேறொரு பொருள். 35 அமினோ அமிலங்களால் ஆன அச்சிறு புரதத்தை 1991இல் ஜப்பானியர் கண்டறிந்து குர்மாரின் எனப் பெயரிட்டனர். அதுவோ மனித நாவில் பெரிதாக வேலை செய்வதில்லை. மனித நாவின் இனிப்பு உணர்வேற்பியில் ஜிம்னீமிக் அமிலம் எங்கே பொருந்துகிறது என்பதை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். ஒரே இலை, ஒரே சுவை; இரு உயிர்களில் இரு வழிகள். நாவிலேயே இத்துணை வேறுபாடு உண்டெனில், கணையத்தைப் பற்றி எலி கூறும் செய்தியை மனிதர்க்கு அப்படியே உரைப்பது எங்ஙனம் பொருந்தும்?

குடிநீரும் கிண்ணமும்

சர்க்கரைக்கொல்லி தனித்து நிற்கும் மூலிகை அன்று. சேலம், ஆத்தூர்ச் சாலையோரங்களில் மஞ்சள் பூத்து நிற்கும் ஆவாரை, சித்த மருத்துவர் நீரிழிவுக்குத் தரும் ஆவாரைக் குடிநீரின் தலைச்சரக்கு. அதனோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகியன சேர்வது வழக்கம். இவற்றுள் கடலழிஞ்சிலின் வேலை இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. அதே இனச் செடியின் கட்டையைக் கடைந்து கிண்ணமாக்கி, இரவில் நீரூற்றி வைத்துக் காலையில் அருந்துவது இலங்கையின் பழைய வழக்கம். இலங்கையிலிருந்து பெற்ற அச்செடியில் சலாசினால் என்னும் பொருளைக் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தின் யோஷிகாவா குழுவினர் 1997இல் கண்டறிந்தனர். மாப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதியை அது தடுக்கிறது. உடைபடாத மாவு மெல்லவே இரத்தத்தில் சேர்கிறது.

மரவள்ளி விளைந்து சவ்வரிசியாகும் சேலம், ஆத்தூர் வட்டாரத்தில் இச்செய்தி தனிப்பொருள் உடையது. மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கிழங்கின் மாவும் அரிசியின் மாவும் இனிப்பாகத் தோன்றாமலே குடலில் சர்க்கரையாகின்றன. நாவில் சர்க்கரையைக் கொன்றவர், தட்டில் உள்ள மாவைக் கொன்றவர் ஆகார். நாவின் சான்றை மட்டும் நம்புவோர் தவறும் இடம் இதுவே.

மலைக்காட்டு வேங்கைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. வேங்கை வைரக்கட்டையில் கடைந்த குவளையில் ஊறிய நீர் நிறம் மாறும். அதனை நீரிழிவுக்கு அருந்துவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஊர்களில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக நோய் கண்ட 97 பேருக்கு வேங்கைச் சாறு தரப்பட்டது. பன்னிரண்டு வாரத்தில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆயினும் அதுவும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத ஆய்வு.

மூலிகை ஒன்று முழுவழியும் கடந்த கதையும் உலகில் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் கலேகா என்னும் செடியை நீரிழிவின் அறிகுறிகளுக்கு வழங்கினர். அதிலுள்ள கலேகின் என்னும் பொருள் சர்க்கரையைக் குறைத்தது, நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவுப் பொருள்களைச் செயற்கையாக ஆக்கி ஆராய்ந்த வழியில் 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டேர்ன் மெட்பார்மினை நோயாளருக்குத் தந்து பயன் கண்டார். இன்று மருந்துக்கடைதோறும் கிடைக்கும் அவ்வெள்ளை மாத்திரையை ‘இங்கிலீஷ் மருந்து’ என ஒதுக்குவோர், அதன் முன்னோர் ஒரு வயற்செடி என்பதை அறியார். இலையின் பெருமையும் அளவின் கண்டிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இக்கதை காட்டுகிறது.

பெயருக்கு உரியவர் யார்?

1999 மே மாதம் அமெரிக்க அரசு 5,900,240 என்னும் எண்ணுள்ள காப்புரிமையை நியூ ஜெர்சியைச் சேர்ந்த குரோமாக் ரிசர்ச் என்னும் நிறுவனத்துக்கு வழங்கியது. நாவல், பாகல், கத்தரி, சிறுகுறிஞ்சான் ஆகியவற்றுள் இரண்டேனும் சேர்ந்த, சர்க்கரையைக் குறைக்கும் கலவைக்கான உரிமை அது. இந்தியச் சமையலறைகளும் மருந்துப்பெட்டிகளும் அறிந்த பொருள்கள் புதுக்கண்டுபிடிப்பாகப் பதிவானது பெரும் எதிர்ப்பை எழுப்பியது. மஞ்சள், வேம்பு ஆகியவற்றின் பெயரால் ஏற்கெனவே நடந்த வழக்குகளின் தொடர்ச்சியாக அது பார்க்கப்பட்டது. 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டு, சித்த நூல்கள் உள்ளிட்ட பழைய ஏடுகளின் மருந்து முறைகள் உலகமொழிகள் ஐந்தில் பதிவாயின. 2002இல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எழுதிவைக்கப்பட்ட சொல்லே உரிமைக்குச் சான்றாகும் என்னும் உண்மையை ஏட்டுச்சுவடி காத்தோர் வழிவந்தவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலையில் கொடியை அறிந்து பறித்துத் தரும் மலையாளிப் பழங்குடியினரின் பெயர் அப்பதிவுகளில் எங்கே என்னும் வினா மட்டும் எஞ்சியிருக்கிறது.

உரிமை கோருவோர்க்குப் பொறுப்பும் உண்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர் என மதிப்பிட்டது. இத்தொகையில் கெங்கவல்லியும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் அடக்கம். இவர்களிடம் சர்க்கரைக்கொல்லி என்னும் பெயர் சென்று சேரும்போது, அதனோடு சில செய்திகளும் சென்று சேர வேண்டும். முதல் வகை நீரிழிவு கொண்ட பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிர் பிரியலாம். அவ்விடத்தை நிரப்பும் இலை எதுவும் இல்லை. மாத்திரையோடு இலைச்சாற்றையும் மருத்துவர் அறியாமல் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை அளவுக்குமேல் தாழ்ந்து மயக்கம் வரலாம். இச்செடியை உட்கொண்ட ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி உண்டானதை இஸ்ரேலிய மருத்துவர் 2010இல் பதிவுசெய்தனர். மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்னும் கூற்று மருத்துவ நூலோர் கூறாத ஒன்று. அளவும் காலமும் துணைமருந்தும் பத்தியமும் வகுத்துத் தந்தவர்கள் அவர்கள்.

சர்க்கரைக்கொல்லி என்று முதலில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. தம் நாவில் நிகழ்ந்ததைத் திருத்தமாகச் சொன்னார். அச்சொல்லை ஹூப்பர் ஒரு பொருளாகப் பிரித்துக் காட்டினார். சென்னை ஆய்வாளர் இரத்தம் வரை பின்தொடர்ந்து, முடிவில் ‘கூடும்’ என்று நிறுத்தினர். பெரிய அளவிலான, ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுகளே அச்சொல்லை உறுதியாக்க வல்லன. அதுவரை அச்சொல்லை உதிராமல் காப்பது மருத்துவரின் கடமை மட்டுமன்று. சொல்லின் எல்லையைப் பிறரினும் நன்கறிந்த கவிஞர்க்கும் அதில் பங்குண்டு. ஊரில் ஒருவர் இலையை நம்பி ஊசியை நிறுத்தப்போவதாகச் சொல்லும்போது, எந்த உருபு எங்கே விடுபட்டது என்று எடுத்துக்காட்ட வல்லவர் ஒருவர் அங்கே இருப்பாராயின், அவர் கற்ற இலக்கணம் ஓர் உயிரைக் காத்ததாகும்.